பிறப்புப் பேதமற்ற ஊரும் பிறர்க்குரிய மண்ணும்

பகலெல்லாம் வெட்டுக்காட்டில் பால்மரம் சீவிய தொழிலாளி, இரவில் தோட்டத்து மேடையேறி அரிச்சந்திர மகாராஜனாக நின்றதை நம்மவரிற் பலர் கண்டிருக்கின்றனர். காணாதவர் தாய்தந்தையர் வாயிலாகக் கேட்டிருக்கின்றனர். அப்பலகை மேடைமீது நின்ற நேரமட்டும் கிராணியும் அவனை ஏகவசனத்தில் அழைக்கத் துணிந்ததில்லை. விடிந்து பிரட்டுக்கு மணியடித்ததும் கிரீடம் பெட்டிக்குள் போகும். ராஜன் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போவான். வேடம் புனைவதில் மனிதனுக்குள்ள ஆசை எங்கிருந்து பிறக்கிறதென்பதை அறிய வேறு சான்று வேண்டியதில்லை. தாழ்த்தப்பட்டவனுக்கே அவ்வாசை மிகுதி.

இன்று கூலாயிலும் குளுவாங்கிலும் ஜொகூர் பாருவின் அடுக்குமாடி வீடுகளிலும் வாழும் நம் இளைஞர்கள் வேறொரு மேடையில் வேடம் புனைகின்றனர். ஆயிரக்கணக்கானோர் கணினி வழியே ஒரே காலத்தில் ஒரே கற்பனையூருக்குட் புகுந்து, ஆளுக்கொரு வேடம் பூண்டு, தொழில் கற்று, வாணிகஞ் செய்து, கூட்டம் சேர்ந்து, சண்டையிட்டுச் சமாதானம் பேசி வாழும் விளையாட்டு அது. இணைய வேட விளையாட்டு என்று அதனை ஈண்டு வழங்குவோம். பெரியவர்கள் அதனைப் பொழுதுபோக்கு என்றுங்கூடச் சொல்லார். பொழுதைக் கொல்லுவது என்பர். நாமும் அவ்வூர்களிற் பல இரவுகளைக் கழித்தவர்களே. ஆகவே அவற்றின் பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே எடுத்துரைக்க நமக்குச் சிறிது உரிமையுண்டு என நம்புகிறோம்.

சீர்திருத்தம் பேசுவோர் இவ்விளையாட்டைப்பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி, அது நல்லதா கெட்டதா என்பதன்று. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லாத ஓர் ஊரை மனிதர் கட்ட முயன்றனர். அம்முயற்சி என்னவாயிற்று என்பதே கேள்வி. இங்ஙனம் கூறுவது மிகைபோலத் தோன்றலாம். வரலாற்றைப் பார்ப்போர்க்கு அது மிகையன்று.

1974-ம் ஆண்டில் அமெரிக்காவிலே காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர், காகிதமும் பகடையும் கொண்டு ஒரு மேசையைச் சுற்றி நாலைந்துபேர் ஆடத்தக்க வேட விளையாட்டை வெளியிட்டனர். அதற்கு நான்காண்டுகள் கழித்து, 1978-ல், இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர், பலர் ஒரே சமயத்திற் கணினிக்குள் நுழைந்து ஆடும் ஊரொன்றை அமைத்தார். படங்கள் கிடையா, எழுத்துக்களே ஊர். 'மேற்கே போ' என்று எழுதினால் மேற்கே என்ன இருக்கிறதென்று கணினி எழுதிக்காட்டும். அவர் தோழர் ரிச்சர்ட் பார்ட்டில் 1980-ல் அதனை ஏற்று வளர்த்தார். 'மட்' என்பது அதன் பெயர். இன்றுள்ள பெருவிளையாட்டுக்கள் யாவற்றுக்கும் பாட்டன் முறை அதுவே.

இவ்விருவரும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். வாய் திறந்தவுடன் பேச்சின் தொனியைக்கொண்டே 'நீ இன்ன வகுப்பினன்' என்று ஒதுக்கிவிடும் நாடு இங்கிலாந்து. நம்மூரில் ஊர்ப்பெயரையும் குலதெய்வத்தையும் கேட்டு ஒதுக்குவார்கள். அங்கே உச்சரிப்பைக் கேட்டு ஒதுக்குவார்கள். தாம் அமைத்த ஊர் அவ்வகுப்புக் கட்டுக்கு எதிரான ஓர் அரசியற் செயலென்று பார்ட்டில் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் உச்சரிப்புக் கேளாது. நுழைபவர் யாவரும் முதற்படியில் நிற்பர். ஆடும் திறமையால் அடுத்தடுத்த படியேறுவர். இன்று நம் பிள்ளைகள் 'லெவல்' என்று வாய்கூசாமற் சொல்லும் அப்படிமுறை, தகப்பன் பெயரால் ஒருவன் உயர்வதை மறுக்கும் கருத்தோடு வைக்கப்பட்டதென்பதை எத்தனைபேர் அறிவர்?

ராஜாக்களும் அவ்வூர்களில் நெடுநாள் தப்பவில்லை. 1997-ல் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' என்ற விளையாட்டைப் படைத்த ரிச்சர்ட் காரியட், தாமே அதன் அரசராக வேடம் புனைந்தவர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்துச் சோதனை ஆட்டத்தில் பிரஜைகளுக்குத் தரிசனந்தர அவர் வந்து நின்றபோது, கூட்டத்தில் ஒருவர் நெருப்பு மந்திரத்தை ஏவ, அரசர் விழுந்து மாண்டார். தமக்குரிய சாகாவரத்தை அன்று மீண்டும் இயக்க மறந்துவிட்டனராம். கல்கி புராணம் வரையில் எழுதியவர்களுக்கு இப்படியோர் அத்தியாயம் தோன்றாமற் போயிற்று.

இனி இவ்வூர்களின் பொருளாதாரம். 1999-ல் பிறந்த 'எவர்குவெஸ்ட்' விளையாட்டின் கற்பனைநாடு நோராத். எட்வர்டு காஸ்ட்ரோனோவா என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 2001-ல் அந்நாட்டின் வருமானத்தைக் கணக்கிட்டார். ஆட்டக்காரர் தம் பொருள்களையும் வேடங்களையும் வெளியே உண்மைப் பணத்துக்கு விற்று வந்தமையால் அது இயன்றது. தலைக்கு ஆண்டொன்றுக்கு 2,266 அமெரிக்க வெள்ளி; உலக நாடுகளின் வரிசையில் வைத்தால் 77-வது இடம்; ருஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில்! பத்திரிகைகள் இதனை வியந்து எழுதின. நமக்கு வியப்பளித்தது அவர் 2003-ல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி. ஆண் வேடத்துக்கும் பெண் வேடத்துக்கும் அந்நாட்டில் ஆற்றலிற் கடுகளவும் வேற்றுமையில்லை. அப்படியிருந்தும் விற்பனைக்கு வந்த இடத்தில் பெண் வேடத்துக்குக் குறைந்த விலையே கிடைத்தது. உடலுமில்லை, உயிருமில்லை, சமையலறையுமில்லை, வெறும் பொம்மை! அதற்கும் பெண்ணென்றால் மலிவு. புதிய ஊருக்குக் குடிபோகிறவன் பழைய ஊரின் அழுக்கை மூட்டையில் எடுத்துச் செல்கிறான் என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கை நாம் கண்டதில்லை. நமது பெண்பிள்ளைகளிற் சிலர் ஆண் வேடம் பூண்டு ஆடுவதன் காரணத்தையும் இதனோடு சேர்த்து எண்ணுக.

தென்கொரியாவில் நிகழ்ந்தது தனிக்கதை. 1998-ல் அங்கே 'லினியேஜ்' தோன்றிற்று; 2003-ல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. அவ்விளையாட்டில் கோட்டையைப் பிடித்த கூட்டத்தார் அக்கோட்டைக்குட்பட்ட கடைவீதியில் வரி விதிக்கலாம். பார்ட்ஸ் என்ற பெயருடைய சர்வரில் டிராகன் நைட்ஸ் என்ற கூட்டம் கோட்டைகளைக் கைப்பற்றி, வரியை உயர்த்தி, நல்ல வேட்டைக்காடுகளைத் தமக்கே அடைத்துக்கொண்டு, எளியவர் எட்டிப்பார்த்தாலும் வெட்டி வீழ்த்திற்று. 2004-ல் கலகம் மூண்டது. எதிர்த்துப் போரிட்ட கூட்டங்கள் சில. அவற்றுக்குத் துணையாக வந்தோர் யார்? பிற சர்வர்களில் ஆடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர், பார்ட்ஸ் ஊரில் புதிதாய்ப் பிறந்து, கவசம் வாங்கக் காசின்றி, முதற்படிக்குரிய உள்ளாடையோடே அணிவகுத்து வந்தனர். உள்ளாடைப் படையென்றே கொரியர் அவர்களை இன்றும் அழைக்கின்றனர். ஒருவனுக்கு நூறுபேர் விழுந்தனர். விழுந்தவர் மறுபடி எழுந்து வந்தனர். கோட்டைகள் வீழ்ந்தன, வரி ஒழிந்தது. 'பார்ட்ஸ் விடுதலைப் போர்' என்று அதற்குப் பெயர்.

வென்றபின் நடந்ததையும் மறைக்கலாகாது. விடுவித்த கூட்டங்கள் கோட்டையின் உரிமை யாருக்கென்று தம்முட் பொருதன. உள்ளாடையோடு வந்த எளியவர் மனங்கசந்து தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். பழைய கூட்டம் மெல்லத் தலைதூக்கிற்று. சங்கமமைத்துப் பழகிய நம்மவர்க்கு இவ்வரலாறு புதிதன்று. ஆண்டுக்கூட்டத்தில் நாற்காலி பறந்த சங்கங்கள் எத்தனை!

மலாயா மண்ணுக்கு வருவோம். ஜாரிங் என்ற இணையச்சேவை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது, 1996-ல் டி.எம்.நெட், 2001-ல் ஸ்ட்ரீமிக்ஸ் என்ற அகலப்பாட்டை. எனினும் தோட்டத்திலிருந்தும் குறைந்தவிலை வீடுகளிலிருந்தும் வந்த பிள்ளைக்கு அகலப்பாட்டையாவது கணினியாவது! அவனுக்கு வாய்த்தது மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிய சைபர் கபே. சினிமாக் கொட்டகைக்குப் பிறகு, மூவினத்துப் பிள்ளைகளும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்த இடம் அது. பள்ளிக்கூடம் நம் பிள்ளைகளை மொழிவாரியாகப் பிரித்து வைத்திருந்தது. சைபர் கபே சேர்த்து வைத்தது. பக்கத்து நாற்காலிச் சீனப்பையன் மருத்துவன் வேடம், நம் பையன் வாள்வீரன், மலாய்ப்பையன் வில்லாளி. ஒருவர் பிழைத்தால் மூவரும் பிழைப்பர். 2005-ல் 'மேப்பிள் ஸ்டோரி' என்ற கொரிய விளையாட்டைச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சேர்த்து ஆசியாசாப்ட் நிறுவனம் திறந்தபோது, ஜொகூர்ப் பாலத்தின் இருகரைப் பிள்ளைகளும் கடப்பிதழின்றி ஓரூர்க்காரராயினர்.

ஓரூர்க்காரராயினர் என்றோம், ஒரு தரத்தினராயினரோ? ஆடுதல் இலவசம். ஆனால் நல்ல உடையும், விரைந்து படியேறும் வசதியும் காசுக்கே கிடைக்கும். அக்காலத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறத்தாழ இரண்டேகால் ரிங்கிட். இன்று மூன்றுக்கு மேல். அக்கரைப் பையன் ஒருவேளைச் சிற்றுண்டியைத் துறந்து வாங்கியதை இக்கரைப் பையன் இரண்டுமூன்று நாட்பசியால் வாங்கவேண்டியிருந்தது. பிறப்பைக் கேளாத ஊர், பணப்பையின் கனத்தைக் கேட்கத் தொடங்கிற்று. எஸ்ஸெக்ஸ் மாணவர்கள் வைத்த படிக்கட்டின் பக்கத்திலே பணக்காரர்க்கென்று ஏணி சாத்திவிட்டனர்.

ஏணி சாத்தியவர்களுக்கு ஆள்காட்டவும் ஆட்கள் வந்தனர். விளையாட்டுக்குள் பொன் சேர்ப்பது நெடுநேர வேலை. அவ்வேலையைக் கூலிக்குச் செய்து, சேர்ந்த பொன்னை மேனாட்டு ஆட்டக்காரர்க்கு விற்கும் தொழிற்கூடங்கள் சீனாவிலே கிளம்பின. நாஞ்சிங் நகரில் அத்தகைய கூடத்தில் இரவெல்லாம் பன்னிரண்டு மணிநேரம் ஆடிய தொழிலாளிக்கு மணிக்கு முப்பது அமெரிக்கக் காசளவே கூலியென்று 2007-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதிற்று. 2009-ல் இவ்வகை வாணிகம் உலகெங்கும் சுமார் 300 கோடி அமெரிக்க வெள்ளியென்று உலக வங்கியைச் சார்ந்த ஓர் அறிக்கை 2011-ல் கணித்தது. அப்பணத்தில் பெரும்பகுதி நடுவில் நின்றவர்களுக்குப் போயிற்று. தலைக்காசு வாங்கிய கங்காணியை அறிந்த குடும்பங்களுக்கு நாம் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இதில் ஆட்டக்காரர் நடந்துகொண்ட விதந்தான் நம்மை மிக வருத்துவது. பொன் விற்ற முதலாளியை அவர்கள் வையவில்லை. பொன் வாங்கிய பணக்காரனை வையவில்லை. இரவெல்லாம் விழித்து ஒரே பேயை ஓயாமல் வெட்டிக்கொண்டிருந்த கூலியாளைத் தேடித்தேடிக் கொன்றனர். அவன் இனத்தைச் சொல்லி இழித்தனர். 'கூலி' என்ற சொல்லையே வசையாகச் சுமந்த பெற்றோரின் பிள்ளைகளும் அந்த வேட்டையிற் கலந்துகொண்டதை நாம் அறிவோம். சிரிப்பும் கும்மாளமுமாக அது நடந்தது.

கள்ளுக்கடையை மறவாதீர்கள். தோட்டத்தில் சம்பள நாளன்று கொடுத்த கூலியை மாலைக்குள் திரும்பப்பெற அக்கடையினும் நல்ல பொறி இருந்ததில்லை. இக்காலக் கற்பனையூரில் அதன் இடத்தில் இருப்பது அதிர்ஷ்டப்பெட்டி. காசு போட்டுத் திறந்தால் அரிய பொருள் வரலாம், வராமலும் போகலாம். பெல்ஜியம் 2018-ல் இதனைச் சூதாட்டமென்றே கொண்டு தடுத்தது. கொரியாவில் மேப்பிள் ஸ்டோரியின் உரிமையாளரான நெக்ஸான் நிறுவனம், பொருளின் ஆற்றலை மாற்றும் 'கியூப்' என்ற பண்டத்தை 2010 முதல் விற்றுவந்தது. மக்கள் விரும்பும் பலன்கள் விழும் வாய்ப்பைப் பின்னர்ச் சொல்லாமற் குறைத்ததாக அந்நாட்டு நியாய வாணிக ஆணையம் கண்டு, 2024 ஜனவரியில் சுமார் 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது. சூதென்று தெரிந்தே ஆடினவனுக்கு அங்கே பகடையும் உளுத்ததாயிருந்தது.

இவ்வளவும் சொன்னபின், 'அப்படியானால் அதைவிட்டு ஒழிக' என்று நாம் முடிப்போமென நேயர்கள் எண்ணலாம். நாம் அங்ஙனம் முடிக்க இயலாமைக்குக் காரணம் அவ்வூர்களின் கூட்டங்களே. நார்வே நாட்டிலே மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் தசைநோயால் உடல் முடங்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014-ல் தமது 25-வது வயதில் மறைந்தார். மகன் நண்பரின்றியே போனானென்று பெற்றோர் ஆறாத் துயருற்றிருந்தனர். அவர் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் ஐபெலின் என்ற பெயருடன் ஆண்டுக்கணக்கில் ஒரு கூட்டத்தில் வாழ்ந்தவர். மறைவுச் செய்தியைத் தந்தையார் மகனுடைய இணையப் பக்கத்தில் இட்டதும், பல நாடுகளிலிருந்தும் கடிதங்கள் குவிந்தன. மகனோடு நெருங்க இயலாத தாய்க்கு ஆலோசனை சொன்னாராம். தனிமையில் வாடியவர்க்குத் துணையிருந்தாராம். முகம் பாராத தோழர் சிலர் கடல்கடந்து வந்து அவர் பெட்டியருகே நின்றனர். அங்கே அவரை எவரும் நாற்காலிக்காரன் என்று அறிந்து மதிப்பிடவில்லை. அவர் செய்ததைக்கொண்டு மதித்தனர். எஸ்ஸெக்ஸ் மாணவர்கள் எண்ணியது இதுவே. அது பொய்யாகிவிடவில்லை.

ஆனால் ஊரைக் கட்டினவர் ஒருவர், மண்ணுக்குரியவர் வேறொருவர். வேடமும், வாளும், கற்பனை வீடும், பத்தாண்டு உழைப்பில் ஏறிய படியும் சட்டப்படி நிறுவனத்தின் உடைமை. ஆட்டக்காரன் அதில் தங்க அனுமதி பெற்றவன், அவ்வளவே. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்தும், தோட்டம் கைமாறிய நாளில் 'இவ்வீடு வேலைக்காகத் தந்தது' என்ற பதிலைக் கேட்ட குடும்பங்கள் ஜொகூரில் கொஞ்சமல்ல. அவர்கள் நட்ட முருங்கையும் கட்டிய கோவிலும் அவர்கள் பெயரில் இல்லை.

இவ்விரு கதைகளும் இன்று ஒரே நிலத்தில் வந்து முட்டுகின்றன. கூலாயில் பூஸ்டெட் நிறுவனத்தின் செம்பனைக் காடாக இருந்தது கூலாய் யங் தோட்டம். 1,600 ஏக்கருக்கு மேற்பட்டது. ஏறத்தாழ 43 கோடி ரிங்கிட்டுக்கு அதனை ஒய்.டி.எல். குழுமம் வாங்கிற்று. அங்கே 500 மெகாவாட் அளவிலான தரவு மையப் பூங்காவை அமைக்கும் திட்டம் வெளியாயிற்று. அதன் முதற் பெருங்குடியாக 2022-ல் அறிவிக்கப்பட்டது சிங்கப்பூரின் ஸீ நிறுவனம். 2009-ல் கரீனா என்ற பெயரில் இணைய விளையாட்டுக்களை நடத்தும் நிறுவனமாகப் பிறந்ததே அது. வானத்தில் எங்கோ மேகத்தில் இருப்பதாக நம் பிள்ளைகள் நினைக்கும் ஊர்களுக்கு மண்ணும் மின்சாரமும் தண்ணீரும் வேண்டும். அம்மண் நம் பெற்றோர் போன்றோர் குலைவெட்டிய தோட்டமாக இருந்ததென்பதை அப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர யாருமில்லை.

மண் பிறருடையதாயின் என்ன செய்வது? இக்கேள்விக்கு ஆட்டக்காரர் சொன்ன விடையொன்று உண்டு. லினியேஜை நடத்திய அதே என்.சி.சாப்ட் நிறுவனம், 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற தனது மற்றொரு விளையாட்டை 2012 நவம்பர் 30-ல் மூடிற்று. மூடுவதாக அறிவித்தபோது குடியிருந்தோர் கற்பனை நகர மண்டபத்தின்முன் தீவட்டி ஏந்தித் திரண்டனர், பயனில்லை. ஆயினும் சிலர் அவ்வூரை இரகசியமாகக் காத்து நடத்திவந்தது 2019-ல் வெளிப்பட்டது. அதன்பின் 'ஹோம்கமிங்' என்ற பெயரில் ஆட்டக்காரரே அதனை யாவர்க்கும் திறந்து, நன்கொடை பெற்றுச் செலவு நடத்தினர். 2024 ஜனவரியில் என்.சி.சாப்ட் அவர்களுக்கு முறையான உரிமம் வழங்கிற்று. விற்ற விளையாட்டைப் பின்னர்ச் செயலிழக்கச் செய்யலாகாதென்று ஐரோப்பாவில் எழுந்த மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன.

உள்ளாடையோடு வந்த படை செய்ய முடியாததை நன்கொடைக் கணக்கு செய்து முடித்தது. இவ்வழியும் நம் தொழிலாளர்க்குத் தெரியாததன்று. வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டுதுண்டாக விலைபோய் நம்மவர் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-ல், வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டும் ஆணும் பெண்ணும் மாதந்தோறும் பத்து வெள்ளியாகக் கட்டிய பணம் அது. 1961-ல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தை அச்சங்கம் விலைக்கு வாங்கிற்று.